பெண்ணை மதுரைக்கு அலையவிடாமல் ரத்தத்தை அனுப்புங்கள்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசு மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலர் அவர்களுக்கும், மருத்துவக் கல்வி, பொது சுகாதாரம் ஆகிய துறைகளின் இயக்குநர்களுக்கும், ராமநாதபுரம் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும்,

வணக்கம்.

தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை நீளும் இந்தக் கரையில், ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் லேப் டெக்னீஷியனாக வேலை பார்க்கிறேன். படகுக்காரர் வீட்டுப் பெண்கள், கருவாடு காயப்போடுகிறவர்கள், கடல்பாசி எடுக்கப் போகிறவர்கள், கணவர் அரபு நாட்டில் இருக்க மாமியார் துணையோடு வருகிறவர்கள் என என்னிடம் கை நீட்டுகிறவர்களில் பாதிக்கு மேல் கர்ப்பிணிகள். அவர்களில் சிலருக்காக இதை எழுதுகிறேன்.

கர்ப்பம் தங்காமல் போகிறவர்களும் வயிற்றிலேயே பிள்ளையை இழந்தவர்களும் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். காரணம் பலவாக இருக்கலாம். அதில் ஒன்று கண்டுபிடிக்கக்கூடியது, கண்டுபிடித்துவிட்டால் மருந்து உள்ளது. ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம் என்பார்கள், சுருக்கமாக ஏ.பி.எஸ். உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் உடம்பின் புரதங்களையே பகையாக நினைத்து எதிரணுக்களை, அதாவது ஆன்டிபாடிகளை, உண்டாக்குகிறது. அதனால் ரத்தம் உறையக் கூடாத இடத்தில் உறைகிறது. காலில் உறைந்தால் வீக்கம், நுரையீரலுக்குப் போனால் மூச்சடைப்பு, மூளையில் அடைத்தால் பக்கவாதம். கர்ப்பிணிக்கு நஞ்சுக்கொடி கெட்டு, பிள்ளைக்குப் போக வேண்டியது போகாமல் நின்றுவிடுகிறது. லண்டன் மருத்துவர் கிரஹாம் ஹியூஸும் அவர் குழுவினரும் 1983-ல் இதைத் தனி நோயாக விவரித்தார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. நம் கரைக்கு இந்தப் பரிசோதனை இன்னும் எட்டாக்கனியாகவே இருக்கிறது.

பாம்பன் பக்கத்து அக்கா ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பாசி எடுக்கப் போகிறவர். கை நீட்டினால் விரல் நுனி முழுக்கப் பாறை கிழித்த தழும்பு. துணி சுற்றிக்கொண்டு இறங்கினாலும் அப்படித்தான் இருக்கும் என்பார். மஞ்சப்பை நிறைய பழைய சீட்டுகள் வைத்திருந்தார். ஒன்றில் 22 வாரத்தில் இதயத் துடிப்பு இல்லை என்று ஸ்கேன். அடுத்ததில் முப்பதாவது வாரத்தில் பிரஷர் ஏறி, குறைமாதப் பிள்ளை, ஒரு நாள்கூடத் தங்கவில்லை. அதற்கு முன்னால் மூன்றாம் மாதத்தில் கலைந்த ஒன்று. இந்தக் காகிதங்களை வரிசையாக அடுக்கினால் எந்த மகப்பேறு மருத்துவருக்கும் சந்தேகம் வர வேண்டிய கதை. பத்து வாரத்துக்கு மேல் காரணம் தெரியாமல் பிள்ளை இறந்தது, 34 வாரத்துக்கு முன் கடும் பிரஷரால் குறைப்பிரசவம் ஆனது, இவை இரண்டுமே இந்த நோயைத் தேடச் சொல்லும் அடையாளங்கள்.

கடைசியில் மதுரையில் ஒரு மருத்துவமனையில் யாரோ சந்தேகப்பட்டு எழுதிக் கொடுத்தார்கள். போனார். ரத்தம் எடுத்தார்கள். பாசிட்டிவ் என்றார்கள். பன்னிரண்டு வாரம் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள். "எதுக்கு மறுபடி, ஒருக்கா எடுத்தா பத்தாதா"ன்னு கேட்டதற்கு விளக்கம் சொல்ல அங்கே யாருக்கும் நேரம் இல்லை. அவர் போகவில்லை. அதற்குள் அடுத்த கர்ப்பம். ரத்தம் உறையாமல் தடுக்கிற ஆஸ்பிரினும் இல்லை, ஹெப்பாரினும் இல்லை. அதுவும் தங்கவில்லை. என்னிடம் வந்து உட்கார்ந்து, "நான் என்ன பாவம் செஞ்சேன் தங்கச்சி"ன்னு கேட்டார். பாவம் செய்தவர்கள் கணக்கில் அவர் வரவே மாட்டார். அவர் ஊரிலிருந்து போகவர முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி அந்தப் பரிசோதனையை வைத்திருக்கிறோம் என்பதுதான் என் பதில், அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

பன்னிரண்டு வாரக் காத்திருப்பு வீண் சம்பிரதாயம் அல்ல. ஏதாவது வைரஸ் காய்ச்சல் வந்துபோனாலும் இந்த எதிரணுக்கள் கொஞ்ச நாளைக்குத் தலைகாட்டி மறையும். நிலைத்து நிற்கிறதா என்று பார்த்தால்தான் நோய் என்று முடிவு கட்டலாம். இந்த நோயை உறுதிசெய்ய 2006-ல் வெளியான சிட்னி வரையறை இரண்டு பரிசோதனைக்கும் நடுவே குறைந்தது 12 வாரம் வேண்டும் என்கிறது. ஆக ஒரு தரம் எடுத்துவிட்டு விட்டுவிட்ட பெண், அரைகுறைச் சந்தேகத்தோடு வாழ்க்கையை ஓட்டுகிறாள். பரிசோதனையே எடுக்காதவளைவிட அவள் நிலைமை சிக்கலானது.

இனி, எனக்கு நன்றாகத் தெரிந்த வேலைக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன், ஏனென்றால் என் கோரிக்கை முழுதும் இதில்தான் நிற்கிறது.

இந்த நோய்க்கு மூன்று பரிசோதனைகள். ஆன்டி கார்டியோலிப்பின், பீட்டா 2 கிளைக்கோபுரோட்டீன் ஆகிய இரண்டையும் சாதாரண சீரத்தில், அதாவது ரத்தம் உறைந்தபின் தெளிந்து நிற்கும் நீரில், பார்த்துவிடலாம். ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்பினால் போதும். மூன்றாவதான லூபஸ் ஆன்டிகோஆகுலன்ட்தான் நம்மைச் சோதிப்பது. மூன்றிலும் இதுவே ஆபத்தை அதிகமாகக் காட்டிக் கொடுக்கிற பரிசோதனை, எடுக்கிற முறையில் கெட்டுப்போவதும் இதுவே.

நீல மூடி போட்ட குழாயில் எடுக்க வேண்டும். உள்ளே 3.2 சதவீத சோடியம் சிட்ரேட் இருக்கும். ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட். குழாயில் போட்டிருக்கிற கோடு வரைக்கும் ரத்தம் ஏற வேண்டும். நரம்பு சரியாகக் கிடைக்காமல் பாதியில் நிறுத்தினால் சிட்ரேட் மிகுந்து முடிவு பொய்யாகும். எடுத்த குழாயைக் குலுக்கக் கூடாது, மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். பிறகு சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் பிளாஸ்மாவைப் பிளாஸ்டிக் பிப்பெட்டால் உறிஞ்ச வேண்டும். சிவப்பணுக்களுக்கு மேலே மெல்லிசாக ஒரு வெள்ளைப் படலம் இருக்கும், அதைத் தொடாமல் எடுக்க வேண்டும். எடுத்ததை வேறு குழாயில் ஊற்றி இரண்டாம் முறை சுற்ற வேண்டும். அடியில் கொஞ்சம் விட்டுவிட்டு மேலே இருப்பதை மட்டும் எடுத்து உறைய வைக்க வேண்டும்.

ஏன் இரண்டு முறை? பிளேட்லெட் அணுக்கள் மீந்திருந்தால், உறைய வைக்கும்போது அவை உடைந்து பாஸ்போலிப்பிட் என்கிற கொழுப்பைக் கொட்டிவிடும். நாம் தேடுகிற எதிரணு அதில் ஒட்டிக்கொண்டு மறைந்துவிடும். நோய் இருக்கிற பெண்ணுக்கு நோய் இல்லை என்று காகிதம் போகும். ஒரே ஒரு தரம் கூடுதலாகச் சுற்றாததால் ஒரு பிள்ளை போகும்.

இவ்வளவையும் ரத்தம் எடுத்த நாலு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். ராமேஸ்வரத்திலிருந்து மதுரைக்கு பஸ்ஸில் போனாலே கிட்டத்தட்ட நாலு மணி நேரம். காலையில் தங்கச்சிமடத்தில் எடுத்த குழாயைச் சாயங்காலம் வருகிற கலெக்‌ஷன் ஆளிடம் கொடுத்தால், அது சித்திரை வெயிலில் பையில் கிடந்து வெந்து, மறுநாள் எங்கேயோ ஒரு பெரிய லேபில் இயந்திரத்தில் ஏறும். இயந்திரம் தன் வேலையைச் செய்யும், ஒரு எண்ணும் வரும். அந்த எண்ணுக்கு மதிப்பே கிடையாது. சில ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய காகிதம் அது. மீன்பாடு இல்லாத மாதத்தில் அந்தப் பணத்துக்கு எந்த நகை அடகுக்குப் போனது என்று அந்த வீட்டாருக்குத்தான் தெரியும்.

சரியாகப் பிரித்து உறைய வைத்த பிளாஸ்மாவோ அப்படியில்லை. மைனஸ் 70 டிகிரியில் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். உலர்பனிக் கட்டியோடு பெட்டியில் வைத்தால் மதுரைக்கும் போகும், சென்னைக்கும் போகும். ஆகவே கேட்கிறேன்: பெண் எதற்காகப் பயணம் போக வேண்டும்? அவள் தன் ஊரிலிருந்து ஒரு மணி நேரத்தில் வந்து சேரக்கூடிய இடத்தில் கையை நீட்டட்டும். ரத்தத்தை அங்கேயே இரண்டு முறை சுற்றி உறைய வையுங்கள். மாதம் ஒரு முறை மொத்தமாக அனுப்புங்கள். பலருடைய மாதிரிகளைச் சேர்த்து ஒரே தடவையில் ஓட்டினால்தான் ரீஏஜென்ட் என்கிற பரிசோதனை ரசாயனம் வீணாகாது என்பது எந்த லேப் ஆளுக்கும் தெரியும். செலவும் குறையும்.

இதற்காகக் கட்டடம் எதுவும் எழுப்பத் தேவையில்லை. ரத்தத்தைக் கூறு பிரிக்கிற ரத்த வங்கி எங்கே இருந்தாலும் அங்கே சென்ட்ரிஃபியூஜ் இருக்கும், பிளாஸ்மாவை உறைய வைக்கும் ஆழ்குளிர் பெட்டியும் இருக்கும். அந்த வேலை தெரிந்த ஆட்களும் இருப்பார்கள். 2022 ஜனவரியில் ராமநாதபுரத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரி கிடைத்தது. நாங்கள் எல்லோரும் மகிழ்ந்தோம். மாவட்டத்துக்கான மையமாக அதையே வைத்து, மதுரையில் உள்ள பெரிய அரசு ஆய்வகத்தோடு இணைப்பதுதான் என் கண்ணுக்குத் தெரிகிற நேர்வழி.

ஆய்வகம் கேட்டு வாங்க வேண்டிய ஒரு தகவலும் உண்டு. அந்தப் பெண் என்ன மருந்தில் இருக்கிறாள்? ஹெப்பாரின் ஊசி, வார்ஃபரின், ரிவராக்சபான் என ரத்தம் உறையாமல் தடுக்கிற மருந்துகள் ஒவ்வொன்றும் முடிவைக் குழப்பும். ஹெப்பாரின் ஊசி போடுகிறவளுக்குக் கடைசி ஊசிக்குப் பன்னிரண்டு மணி நேரமாவது கழித்து, அடுத்த ஊசிக்கு முன்னால் எடுக்க வேண்டும். எனக்கு வருகிற சீட்டுகளில் மருந்து எழுதும் இடம் பெரும்பாலும் காலியாக இருக்கிறது. முடிவுச் சீட்டிலும் வெறுமனே பாசிட்டிவ் என்று அடித்து அனுப்புகிறார்கள். எதிரணுவின் வகைகளான ஐ.ஜி.ஜி எவ்வளவு, ஐ.ஜி.எம் எவ்வளவு, மூன்றில் எத்தனை பாசிட்டிவ் என்பதெல்லாம் இருந்தால்தான் மருத்துவர் எதையும் தீர்மானிக்க முடியும். மூன்றும் பாசிட்டிவ் ஆனவளுக்கு ஆபத்து மிக அதிகம்.

வேதனையான இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். கர்ப்பிணிகளுக்கு வழக்கமாக எடுக்கிற பரிசோதனைகளில் மேகநோய்க்கான (சிபிலிஸ்) வி.டி.ஆர்.எல் உண்டு. அந்தப் பரிசோதனையில் பயன்படுகிற பொருளிலேயே கார்டியோலிப்பின் இருக்கிறது. ஏ.பி.எஸ் உள்ள பெண்ணின் எதிரணு அதில் போய் ஒட்டினால், மேகநோய் இல்லாமலேயே ரியாக்டிவ், அதாவது பாசிட்டிவ், என்று வரும். கணவர் சவூதியில் இருக்கிற ஒரு பெண்ணுக்கு அப்படி வந்தது. சீட்டை வாங்கிய உறவுக்காரர் அங்கேயே, எங்கள் வரவேற்பு மேசை முன்னாலேயே, அவளைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். அவள் துப்பட்டா நுனியைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டு நின்றாள். ஒரு சொல் பேசவில்லை. டி.பி.எச்.ஏ என்கிற உறுதிப் பரிசோதனை செய்து அது நெகட்டிவ் என்று வருவதற்குள் வெளிநாட்டுக்கு போன் போய்விட்டது, அவள் தாய் வீட்டுக்கு அனுப்பப்பட்டுவிட்டாள்.

மேகநோய் உண்மையாகவே இருந்தால் உடனே பென்சிலின் போட வேண்டும், அது பிள்ளையின் உயிர்ப் பிரச்சினை. அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. உறுதிப் பரிசோதனை முடியும்வரை அந்தச் சீட்டை அந்தப் பெண்ணைத் தவிர யார் கையிலும் தரக் கூடாது என்று ஆணை போடுங்கள். வி.டி.ஆர்.எல் ரியாக்டிவ், டி.பி.எச்.ஏ நெகட்டிவ் என்று வந்து, முன்னால் பிள்ளையை இழந்த கதையும் இருந்தால், அவள் ஏ.பி.எஸ் பரிசோதனைக்கு நேரே போக வேண்டியவள் என்பதையும் அந்த ஆணையிலேயே எழுதுங்கள்.

மருந்து எட்டாத விலையில் இருக்கிறதா என்றால் இல்லை. சின்ன அளவு ஆஸ்பிரின், தோலுக்கடியில் போடும் ஹெப்பாரின் ஊசி, இவ்வளவுதான். 1997-ல் லண்டனில் இந்த எதிரணு இருந்து திரும்பத் திரும்பக் கரு கலைந்த 90 பெண்களை வைத்துச் செய்த ஆய்வில், ஆஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களில் 42 சதவீதம் பேர் உயிருள்ள பிள்ளை பெற்றார்கள், ஹெப்பாரினும் சேர்த்துப் போட்டவர்களில் 71 சதவீதம் பேர். பின்னால் வந்த ஆய்வுகளில் சில இவ்வளவு பெரிய வித்தியாசத்தைக் காட்டவில்லை. ஆனாலும் இன்றைக்கு இந்தப் பெண்களுக்குக் கொடுக்கச் சொல்கிற சிகிச்சை இதுவே. பாசி எடுக்கிற அந்த அக்காவுக்கு இது கிடைத்திருக்க வேண்டும்.

எல்லாக் கர்ப்பிணிக்கும் இதை எடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அப்படி எடுத்தால் நோயில்லாத பலருக்கு வலுவில்லாத பாசிட்டிவ் வந்து, வீண் பயமும் வீண் ஊசியுமாகப் போகும். யாருக்கு எடுக்க வேண்டும் என்பதைக் கிராம சுகாதாரச் செவிலியரின் கையிலிருக்கிற பதிவேடே சொல்லிவிடும். முந்தைய பிரசவ விவரத்தை அவர்கள் பிக்மி என்கிற அரசின் கர்ப்பிணிகள் பதிவுத் தளத்தில் ஏற்றும்போதே, பத்து வாரத்துக்கு மேல் இறந்த பிள்ளை, திரும்பத் திரும்பக் கருச்சிதைவு, 34 வாரத்துக்கு முன் பிரஷரால் பிரசவம் என்று ஏதேனும் இருந்தால் ஒரு குறி விழட்டும். பிள்ளையை இழந்து ஆறு வாரம் கழித்து முதல் ரத்தம், அதிலிருந்து 84 நாள் கழித்து இரண்டாவது. தடுப்பூசித் தேதியை மறக்காமல் வீடு தேடி வந்து சொல்கிற செவிலியருக்கு இந்தத் தேதியைச் சொல்வது பெரிய காரியமில்லை.

அந்த இடைக்காலத்தில் அடுத்த கர்ப்பம் வராமல் இருக்க அவளுக்கு என்ன கொடுக்கிறோம் என்பதையும் பாருங்கள். இலவசமாகக் கிடைக்கிற மாலா-என் மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறது. ரத்தத்தை உறையச் செய்யும் குணம் அதற்கு உண்டு. இந்த எதிரணு உள்ள பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையைக் கொடுக்கவே கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு முறை. சந்தேகத்தில் இருக்கிற பெண்ணுக்கு, முடிவு வரும்வரை, ஆணுறையோ காப்பர்-டியோ போதும். செவிலியர்களுக்கான பயிற்சியில் இந்த ஒரு வரி கட்டாயம் சேர வேண்டும்.

ஆண்களையும் மறக்க வேண்டாம். படகில் போகிற வாலிபனுக்கு ஒரு கால் மட்டும் வீங்கினால், திருக்கை முள் குத்தியிருக்கும், தண்ணீரிலேயே நின்றதால் வந்தது என்று பற்றுப் போட்டு விடுகிறார்கள். ஐம்பது வயதுக்குள் காரணமில்லாமல் காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்தாலும், பக்கவாதம் வந்தாலும், இந்தப் பரிசோதனையை நினைக்க வேண்டும். அறுவைச் சிகிச்சைக்கு முன் எடுக்கும் ஏ.பி.டி.டி என்கிற ரத்தம் உறையும் நேரப் பரிசோதனை நீண்டு வந்தால் ரத்தம் நிற்காது என்று பயப்படுகிறார்கள். இந்த நோயில் பரிசோதனைக் குழாய்க்குள் மெதுவாக உறைகிற ரத்தம் உடம்புக்குள் வேகமாக உறையும். அந்தச் சீட்டை அப்படியே ஓரமாக வைத்துவிடாமல் ஏன் நீண்டது என்று ஒருவர் கேட்டாலே சிலர் பிழைப்பார்கள்.

தொடங்குவதற்கு ஒரு நல்ல நேரத்தையும் சொல்கிறேன். விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். அப்போது ஆண்கள் வீட்டில் இருப்பார்கள், மனைவியைக் கூட்டிவர ஆள் இருக்கும். கையில் காசு இருக்காது, அதனால் பரிசோதனை இலவசமாக இருப்பது அந்த மாதங்களில்தான் மிகவும் தேவை. வருகிற தடைக்காலத்தில் மண்டபம் வட்டாரத்தில் மட்டுமாவது தொடங்கிப் பாருங்கள். ஏப்ரல் கடைசி வாரத்தில் முதல் ரத்தம் எடுத்தால் ஜூலை மூன்றாவது வாரத்தில் இரண்டாவது வந்துவிடும். அந்த இரண்டாவது தேதியை முதல் நாளே அட்டையில் எழுதி அவள் கையில் கொடுங்கள். நீலக் குழாயை நிரப்பவும் இரண்டு தரம் சுற்றவும் எங்களைப் போன்ற தனியார் லேப் ஆட்களுக்கும் பயிற்சி தருவதாக இருந்தால், ஞாயிற்றுக்கிழமை என்றாலும் வருகிறோம்.

இப்படிக்கு,
ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து ஒரு லேப் டெக்னீஷியன்